பச்சை ராஜா கட்டிய கப்பம்

கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பாமலே எங்களை உட்காரச் சொன்னார் சின்ன முதலாளி.

நானும் ரசாக்கும் உட்கார்ந்தோம். நான் மில் சங்கத்தின் செயலாளர், ரசாக் பொருளாளர். வருடா வருடம் தீபாவளிக்கு முன்னால் இதே அறை, இதே இரண்டு நாற்காலி, இதே பிழைப்பு.

வந்த காரியத்தைச் சொல்லிவிட்டு எழுந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது எனக்கு. ஆனால் எங்கள் பக்கம் அப்படிச் சட்டென்று விஷயத்துக்கு வந்துவிட முடியாது. காப்பி வர வேண்டும், குடிக்க வேண்டும், மழை தண்ணியைப் பற்றி இரண்டு வார்த்தை பேச வேண்டும். அதற்கப்புறம்தான் எதுவும்.

சொல்ல வந்தது என்ன பெரிய விஷயம்? இந்த வருடம் எங்களுக்குப் போனஸே வேண்டாம், மில் ஓடினால் போதும். அவ்வளவுதான்.

பொள்ளாச்சி ரோட்டில் ஒவ்வொரு மில்லாகச் சங்கு ஊதுவதை நிறுத்திக்கொண்டிருந்த காலம் அது. நூலுக்கு விலை இல்லை, மூட வேண்டியதுதான் என்று ஆபீஸிலிருந்து ஒரு பேச்சுக் கிளம்பும். உடனே நாங்கள் எதையாவது விட்டுக்கொடுப்போம். முதலில் நைட் ஷிப்ட்காரர்களுக்குத் தந்த டீயும் பன்னும் போனது. அப்புறம் யூனிபார்ம் துணி. அப்புறம் மில் பஸ். போன வருடம் இன்கிரிமென்ட். கேண்டீன் அடுப்பு எப்போது அணைந்தது என்று கேட்டால் எனக்கே நினைவில்லை.

மிச்சமிருந்தது போனஸ் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிடலாம் என்று ஆட்களைச் சம்மதிக்க வைப்பதற்குள் எனக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. ஸ்பின்னிங்கில் வேலை செய்யும் பழனாத்தாள் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து நின்று, நீ சங்கத்து ஆளா இல்லை முதலாளிக்குத் தரகனா என்று கேட்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

காப்பி வந்தது. மழையைப் பற்றிப் பேசலாமென்றால் அந்த வருடம் மழையும் இல்லை. அவர் கம்ப்யூட்டரில் ஆடிக்கொண்டிருந்ததைக் காட்டி, அது என்னங்க தம்பி விளையாட்டு என்று கேட்டுவைத்தேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கெட்ட பையன் என்று சொல்ல மாட்டேன், அவர் அப்பா பெரிய முதலாளி அளவுக்குச் சிடுசிடுப்பு கிடையாது. மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

நீலம் அவருடைய நாடு. பச்சை, கம்ப்யூட்டரே ஆடுகிற இன்னொரு ராஜா. சண்டை போட வேண்டியதே இல்லையாம். எல்லையில் நாலு படையைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு எதையாவது கேட்டால், பச்சை ராஜா பயந்துகொண்டு கொடுத்துவிடுவானாம். ஒரு தடவை தங்கம், ஒரு தடவை குதிரைப்படை, ஒரு தடவை பாலம் கட்டுகிற வித்தை. மொத்தமாகக் கேட்டால் முறைத்துக்கொண்டு சண்டைக்கு வந்துவிடுவான். அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கேட்க வேண்டுமாம்.

ஒவ்வொரு தடவையும் தப்பித்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வான் போல, மடப்பயல் என்று ரசாக் சிரித்தான்.

“கேக்கறத எப்பங்க தம்பி நிறுத்துவீங்க?” என்றேன். சும்மா பேச்சுக்குக் கேட்டதுதான்.

“குடுக்கறதுக்கு அவங்கிட்ட ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா நிறுத்திருவனுங்கண்ணா. அப்புறம் கேட்டு என்ன பண்றது? ஊரை எடுத்துக்க வேண்டியதுதான்.”

சொல்லிக்கொண்டே மவுஸைத் தட்டினார். பச்சையாக இருந்த ஊர் நீலமானது. பிறகு நாற்காலியைத் திருப்பி எங்களைப் பார்த்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். பஞ்சு விலை, நூல் விலை, மில்லின் கஷ்டம் எங்களுக்குத் தெரியாததா, அதனால் இந்த வருடம் நாங்களாகவே...

அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இந்த வருசம் நீங்க ஒண்ணுமே விட்டுக்குடுக்க வேண்டாங்கண்ணா. பாவம், நீங்களும் எவ்வளவுதான் குடுப்பீங்க? போனஸை வாங்கிட்டுத் தீபாவளி நோம்பிய நல்லபடியாக் கும்பிடுங்க. மத்ததெல்லாம் நோம்பி கழிச்சுப் பேசிக்கலாம்.”

என் கண் மானிட்டரில் நீலமாகியிருந்த ஊருக்குப் போனது. அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், காப்பி டம்ளரை ஓரமாக நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

ஏன் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். ஆனால் நம் வாய்க்குப் பழகினதுதானே வரும்? ரொம்ப சந்தோசமுங்க தம்பி என்று கும்பிட்டுவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்ததும் ரசாக் என்னைக் கட்டிக்கொண்டான். இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கையிலிருந்து ஒன்றையும் இழக்காமல் வந்திருக்கிறோம் என்றான். நான் தடுப்பதற்குள் மில் கேட்டுக்கு ஓடி, கூடி நின்றவர்களிடம் சொல்லியும் விட்டான். ஒரே விசில். என்னைத் தோளில் தூக்குவதற்கே நாலு பேர் வந்துவிட்டார்கள். அட விடுங்கப்பா, விடுங்கப்பா என்று சொல்லிக்கொண்டே நின்றேன். யார் காதிலும் விழவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பழனாத்தாள் வந்தாள். அன்றைக்குப் பேசினதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள் மறுபடியும் திட்டினால் தேவலை என்றிருந்தது.

“இனி மில்லுக்கு ஒண்ணும் ஆகாதுங்களேண்ணா? மகளுக்குக் கல்யாணத்தைத் தை மாசம் வெச்சுக்கலாமுங்களா?” என்றாள்.

அத்தனை பேரும் சிரித்த முகமாக என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“தை வரைக்கும் எதுக்கு அம்மணி?” என்றேன். “ஐப்பசியிலயே, நோம்பிக்கு முன்னால ஒரு முகூர்த்தம் பாத்து முடிச்சுப்போடு.”