தோகுசோவின் பாதிக் கொடி

போர்க்கால ஜப்பானில் பட்டாளத்துக்குப் போகிறவனை, அவன் பெயர் எழுதிய நெடுங்கொடியோடு ரயில் நிலையம்வரை போய் ஊரே வழியனுப்பும். அந்தக் கொடிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஒருவரின் அலமாரிக்குள் எப்போதும் ஒரே கும்மாளம்.

"என் ஆளுக்கு இரண்டு பேண்டு செட்டு," என்றது பட்டுக்கொடி.

"என் ஆளுக்காக ரயிலே கால் மணி நேரம் நின்றது," என்றது பருத்திக்கொடி.

அன்று புதிதாக ஒரு கொடி வந்தது. பாதிதான் மிச்சம். தோகுசோ என்ற பெயரின் மேலேயே மஞ்சள் கறை.

அலமாரி குலுங்கியது. "இதென்ன கோலம்? எங்கள்மேல் ஒரு பொட்டுக் கறை உண்டா? பெட்டியில் வைத்தவர்கள் அப்புறம் தொடவே இல்லை, தெரியுமா?"

புதுக்கொடியும் விழுந்து விழுந்து சிரித்தது. "எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துணிப் பஞ்சம். என்னைக் கிழித்துக் குழந்தைக்கு விரித்துவிட்டார்கள். மூன்று பிள்ளைகள், மாறி மாறி நனைத்தார்கள்."

"யார் பிள்ளைகள்?"

"தோகுசோவின் பிள்ளைகள்தான். சண்டை முடிந்து வீட்டுக்கு வந்த மனுஷன், தன் கையாலேயே என்னைக் கிழித்தார்."

சிரிப்பு நின்றது.

பட்டுக்கொடி மெல்லக் கேட்டது: "என் ஆள் திரும்பி வரவே இல்லை. அந்த ஈரம், வெதுவெதுப்பாக இருக்குமா?"