சுவரில் ஒரு ஓட்டை

"ஊன்றுகோலோட வர்ற மனுஷனை மறிச்சு வெச்சு எழுதுறீங்களே, உங்க நெஞ்சுல ஈரமே கிடையாதா?"

தையல்காரம்மா போட்ட சத்தத்தில் பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது. ஸ்டேஷன் மாஸ்டர் மட்டும் தலை நிமிரவில்லை.

"சுவர் ஓட்டை வழியா உள்ள வந்திருக்கீங்க. அத்துமீறல். எச்சரிக்கைன்னு எழுதியிருக்கேன். ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

அந்தக் காலத்தில் மில்லுக்காகக் கட்டின ஸ்டேஷன் அது. அதனால் வாசலும் மில் பக்கம்தான். மில் போய்ப் புல் முளைத்தாகிவிட்டது; குடித்தனமெல்லாம் இந்தப் பக்கம். தையல்காரம்மா வீட்டுக்கும் இரண்டாவது பிளாட்பாரத்துக்கும் நடுவே ஒரு சுவர்தான். முறைப்படி வருவதென்றால் ஊரைச் சுற்றி மில் பக்கம் போய், மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். பக்கவாதத்தில் கால் இழுத்துக்கொண்ட புருஷனை வாராவாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறவள், அத்தனை படியும் அவரைத் தூக்கிக்கொண்டா ஏறுவாள்?

"மனு மேல மனு போட்டாச்சு, இந்தப் பக்கம் ஒரு வாசல் வைக்க உங்களுக்கு மனசு வரலை. சரி, இந்த ஓட்டையையாவது அடைச்சீங்களா? அதுக்கும் உடம்பு வணங்காது. நின்னு பிடிக்க மட்டும் டாண்ணு வந்துடுறீங்க!"

"விடும்மா," என்றார் புருஷன். "நம்ம கல்யாணத்துக்குக்கூட நான் இத்தனை கையெழுத்துப் போடலை."

ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெருவே வைத்த பெயர் சிடுமூஞ்சி.

கடைசியில் ஒருநாள், ஓட்டைக்குப் பக்கத்திலேயே சுவரை இடித்து, சாய்தளத்தோடு வாசல் வைத்தேவிட்டார்கள்! திறப்பு அன்று தெருவே திரண்டது. புருஷன் ஊன்றுகோலை ஊன்றி, யார் கையையும் பிடிக்காமல், பிளாட்பாரத்தில் ஏறி நின்றார். கைதட்டலில் தகரக் கூரை அதிர்ந்தது. தையல்காரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஜெயிச்சுட்டோம்! எங்க மனு ஜெயிச்சிருச்சு! எங்கே அந்தச் சிடுமூஞ்சி? இப்ப அவர் மூஞ்சியை நான் பார்க்கணும்!"

திறந்துவைக்க வந்த பெரிய அதிகாரி சிரித்தார்.

"மனு எல்லா ஸ்டேஷன்லேருந்தும் கட்டுக்கட்டா வருதும்மா. எங்களை அசைச்சது உங்க ஸ்டேஷன் மாஸ்டர் அனுப்பின அத்துமீறல் கேஸ்தான். இவ்வளவு பேர் சுவர்ல நுழையிறாங்கன்னா, வழி இல்லைன்னுதானே அர்த்தம்? அதுலயும் ஊன்றுகோலோட ஒருத்தர், வாராவாரம்! அதைப் படிச்ச எங்களுக்கே சோறு இறங்கலை."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அதிகாரி தொடர்ந்தார்.

"ஓட்டையை ஏன் இன்னும் அடைக்கலைன்னு கேட்டு அவருக்கு மெமோவுக்கு மேல மெமோ. வர வேண்டிய புரமோஷனே போச்சு. மனுஷன் மசியலையே! 'முதல்ல வாசலைத் திறங்க, அப்புறம் அடைக்கிறேன்'னு ஒரே பதில்."

"எங்கே சார் அவரு?" அவள் கூட்டத்துக்குள் தேடினாள்.

அதிகாரி கை காட்டினார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் செங்கல் வைத்து அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தார்.