காற்று போன உலகம்

ஜெபசிங் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் கணினிக்குள் பிரபஞ்சங்களை உருவாக்கி, அவற்றின் இயற்பியல் மாறிலிகளை மாற்றிப் பார்ப்பார்கள். மகள் ரெனிட்டா மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து இறந்த பிறகு, அவன் யாருக்கும் தெரியாமல் ஒரு பிரபஞ்சத்தில் ஈர்ப்பு விசையை வெகுவாகக் குறைத்தான். அங்கேயும் அதே வீடு, அதே பால்கனி. ரெனிட்டா விழுந்தாள். மெதுவாகத் தரையிறங்கி, பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினாள்.

அதை வீட்டுத் திரையிலும் தெரியும்படி இணைத்தான். அன்றிலிருந்து அவன் மனைவி சுகிர்தா அந்தத் திரையை விட்டு நகரவில்லை. மகளுக்குப் பல் விழுந்து முளைத்ததைப் பார்த்தாள். சைக்கிள் பழகியதைப் பார்த்தாள்.

ஆனால் ஈர்ப்பு குறைந்த அந்தப் பூமியால் காற்றைப் பிடித்து வைக்க முடியவில்லை. ஈர்ப்பு குறைந்ததால் சூரியனும் மங்கிக்கொண்டே வந்தது. ஊரில் ஒவ்வொருவராகச் செத்தார்கள். அந்த உலகத்து ஜெபசிங்கும் சுகிர்தாவும் இறந்துவிட்டார்கள். ரெனிட்டா கட்டிலில் தனியாக மூச்சுத் திணறிக் கிடந்தாள்.

"ஈர்ப்பைப் பழைய அளவுக்கே மாத்திடுங்க," என்றாள் திரைமுன் இருந்த சுகிர்தா.

"மாத்தினாலும் போன காத்து திரும்பாது, சுகி."

"அப்ப நிறுத்திடுங்க. புள்ள கஷ்டப்படுறா."

"என்னால முடியாதுடி."

"தள்ளுங்க. அன்னைக்கு அவ விழுந்தப்ப நான் ஆபீஸ்ல இருந்தேன். இன்னைக்காவது பக்கத்துல இருக்கேன்."

சுகிர்தா திரையில் தெரிந்த மகளின் நெற்றியில் ஒரு கையை வைத்தாள். மறு கையால் நிறுத்தினாள்.