முப்பத்தொன்றாம் எண்ணின் பக்கம்

"நீயே சொல்லுல. நீதான மேனேஜர்."

"நான் எப்படிண்ணா சொல்றது? மனசு ஒடஞ்சு போயிருவாருங்க."

"அப்ப கோப்பை போவட்டும்ங்கியா?"

இயர்போன் வழியாக அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

எதிரே அவருடைய ஸ்கூட்டர் மேடையில் ஏறி நின்றது. வாட்டர் வாஷ் கடைக்காரர் குழாயைத் திருப்ப, சக்கரத்திலிருந்து சேறு கரைந்து வழிந்தது.

தூத்துக்குடியிலிருந்து ரெமிஜியஸ். அணியின் பயிற்சியாளர். கரூரிலிருந்து இனியன். மேனேஜர். இருவரையும் அவர் நேரில் பார்த்ததில்லை.

இணையத்தில் அணியினர் பேசிக்கொள்ளும் அரட்டை அறையில் காலையிலிருந்தே அவர் பெயர் பச்சையாக இருந்தது. மைக்கை அணைத்து, உள்ளே வந்து, அப்படியே மறந்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஆளில்லாத பெயர் என்று இருவரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆறு மணிக்கு இறுதி ஆட்டம். இப்போது நாலே முக்கால்.

மைதானம் கிடையாது. கணினிக்குள் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து. எந்தப் பக்கம் பந்தை எறிவது என்று மேனேஜர்கள் திட்டம் எழுதிக் கொடுப்பார்கள். மீதியைக் கணினி ஆடும்.

அணியில் ஆளுக்கொரு வீரனை உருவாக்கிக்கொள்வார்கள். அவர் உருவாக்கியவன் டேரில் மருதவாணன். எண் முப்பத்தொன்று. கார்னர்பேக். பந்தைப் பிடிக்க ஓடுகிறவனை ஒட்டியே ஓடி, அவன் கைக்குப் பந்து போகாமல் பார்த்துக்கொள்கிறவன்.

இரண்டு மாதத்துக்கு ஒரு சீசன். இது பன்னிரண்டாவது.

கோப்பை ஒன்றுகூட இல்லை.

வாரம் ஒரு பயிற்சிக் குறிப்பு எழுதினால் வீரனுக்குப் புள்ளி. ஒரு வாரம் தவறவில்லை. மகளின் கல்யாணத்தில், பந்தி நடக்கும்போது, கை கழுவுகிற இடத்தில் நின்று எழுதினார்.

எட்டாவது சீசனுக்கு மேல் எல்லா வீரனுக்கும் வயதாகும். வேகம் குறையும். எழுதிச் சேர்ப்பதைவிட அதிகமாகவே குறையும்.

மருதவாணனுக்கு மட்டும் குறையவில்லை என்று அவர் நம்பினார். இந்த சீசன் தொண்ணூற்று நான்கு டாக்கிள். அத்தனை பேரைப் பிடித்து வீழ்த்தியிருக்கிறான். இதுவரை இல்லாத கணக்கு.

போன வாரம் அதைப் பெரிய எழுத்தில் லீக்கின் இணைய மன்றத்தில் போட்டார். இருபத்து மூன்று ஹார்ட் வந்தது.

"தொண்ணூத்தி நாலு எப்படில வந்துச்சு?" ரெமிஜியஸ் கேட்டார். "எதிராளி பந்தப் பிடிச்ச பொறவுதான இவன் அவனப் பிடிக்கான். கிழவன் அங்கன நிக்கான், அந்தப் பக்கமே எறின்னு ஊர் பூரா திட்டம் எழுதுதானுவ."

"அன்னைக்கு நீங்களும் ஹார்ட் போட்டீங்களேண்ணா."

"நீ போட்டிய, நானும் போட்டேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"சார், பாலிஷ் இருக்கு. பத்து நிமிஷம்," என்றார் கடைக்காரர்.

செல்போனில் பழைய சீசன்களைத் திறந்தார். விரல் ஈரம். திரை தாவித் தாவி ஓடியது.

நாலாவது சீசன். பதினாறு ஆட்டம். பத்தொன்பது டாக்கிள்.

அந்த சீசன் முடிந்ததும் அவர் எழுதிய பதிவு அப்படியே இருந்தது. 'எல்லாரும் மன்னிச்சிடுங்க. பையன் ஒண்ணுமே செய்யலை. அடுத்த சீசன் நல்லா உழைக்கிறேன்.'

கீழே அன்றைய மேனேஜரின் ஒரு வரி. 'அண்ணே, உங்க பக்கம் எவனும் எறியவே மாட்டேங்குறானே.'

ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்திருந்தார்.

இரண்டு முறை படித்தார். ஈரத் தரையில் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தார். செருப்பு சளக் சளக் என்றது.

இந்த லீக்கில் ஒரு மரியாதை உண்டு. பழைய வீரனை உட்காரவைக்க மேனேஜருக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் உருவாக்கியவர் வாயால் சொல்லாமல் யாரும் உட்காரவைப்பதில்லை.

"நாமளா எடுத்தா, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவர்கூடப் பேசறது?" இனியன் கேட்டார். "ஆடட்டும்ணா. தோத்தா தோக்கலாம்."

"ஒரு வருசமால இந்த அணிய நடத்துத நீ."

"தெரியுமுங்க."

அவர் மைக்கைத் திறந்தார்.

"தம்பி, முப்பத்தொண்ணை உட்கார வைங்க."



"அண்ணா... எப்ப வந்தீங்க?"

"வண்டி கழுவ வந்தேன்."

மைக்கை அணைத்தார்.

ஐந்து முப்பத்தைந்துக்கு ஆட்டக்காரர் பட்டியல் வந்தது. மருதவாணன் இருந்த இடத்தில் வேறு பெயர்.

ஸ்கூட்டர் பளபளவென்று வெளியே நின்றது. சாவி கையில் இருந்தது. அவர் ஏறவில்லை. நின்றபடியே விடைபெறும் பதிவை எழுதத் தொடங்கினார். வழக்கப்படி முதலில் கணக்கு. தொண்ணூற்று நான்கு என்று அடித்தார்.

அழித்தார்.

பிறகு வேகமாக எழுதி, திருப்பிப் படிக்காமல் அனுப்பினார்.

'எல்லாருக்கும் வணக்கம். மருதவாணன் இன்னைக்கு ஆடலை. இனிமேலும் ஆட மாட்டான். போன வாரம் நான் போட்ட கணக்கை மறந்துடுங்க. நாலாவது சீசன்ல எங்களுக்கு எதிரா திட்டம் எழுதினவங்க யாராவது இன்னும் இருக்கீங்களா? முப்பத்தொண்ணு நிக்கிறான், அந்தப் பக்கம் எறிய வேண்டாம்னு ஒரே ஒரு தடவையாவது எழுதியிருந்தா, அது எந்தக் கணக்குலயும் இருக்காது. எந்த ஆட்டம்னு மட்டும் கீழ ஒரு வரி போடுங்க.'