வீடு எந்த நாட்டில்?

“மொத்தம் பதினாலு படி, மேடம். ஒவ்வொண்ணும் ஆறரை அங்குல உயரம்.”

வரி ஆலோசகர் பேனாவை நிறுத்தினார். எதிரே அமர்ந்திருந்த கிரேன் ஓட்டுநரைத் துறைமுகத்தில் எல்லாரும் ‘அளவுகோல்’ என்றே அழைத்தனர். அவருடைய சட்டைப்பையில் எந்நேரமும் ஒரு அளக்கும் டேப் இருக்கும். இப்போதும், கொடுத்த தேநீரைக் குடிப்பதற்கு முன், கோப்பையை மேசை விளிம்பிலிருந்து நாலு விரற்கடை உள்ளே தள்ளி வைத்திருந்தார்.

“படியெல்லாம் படிவத்துல கேக்கலை, அண்ணா. வீடு எந்த நாட்டுலன்னுதான் கேக்கறாங்க.”

“எங்க நாட்டுலதான். அதுல என்ன சந்தேகம்?”

“எனக்குச் சந்தேகம் இல்லை. வரி ஆபீசுக்குத்தான். வெளிநாட்டுக்காரங்க இங்க சம்பாதிச்சா, அவங்க வீடு எங்கேன்னு ஆதாரத்தோட காட்டணும். உங்க நாட்டுலன்னு ஒத்துக்கிட்டாங்கன்னா, இங்க வாங்கற சம்பளத்துக்கு மட்டும்தான் வரி. அதுவும் குறைஞ்ச வீதம். கம்பெனி அதிகமாப் பிடிச்சதெல்லாம் திரும்ப வந்துடும்.”

“ஒத்துக்கலைன்னா?” என்று குறுக்கிட்டான் துணைக்கு வந்திருந்த வெல்டர். நாலு மாதமாக அளவுகோலின் அறையில் மேல் கட்டிலில் படுப்பவன்.

“வீடு இந்த நாட்டுலன்னு ஆயிடும். அங்க கீழ்த்தளத்துல கடைக்கு விட்டிருக்காரே, அந்த வாடகைக்கும் சேர்த்து இங்கேயே வரி கட்டணும். திரும்ப ஒண்ணும் வராது.”

அளவுகோல் பதறவில்லை. பையைத் திறந்து, பத்திர நகல், மின்கட்டண ரசீது, வீட்டுவரி ரசீது ஆகியவற்றைக் கண்ணாடித்தாள் உறைகளிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, மூலைக்கு மூலை பொருத்தி அடுக்கினார். அவை யாவும் அவர் பெயரிலேயே இருந்தன.

“அந்த வீட்டுல உங்களுக்குன்னு தனியா அறை உண்டா, அண்ணா?”

“மாடியில, கிழக்கு பார்த்தது. பத்துக்குப் பன்னிரண்டு. கட்டிலுக்கு இடது கைப்பக்கம் ரெண்டு சுவிட்சு. மேல இருக்கறது விளக்கு, கீழ இருக்கறது மின்விசிறி. படுத்துக்கிட்டே போடலாம். ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுத் தண்ணித்தொட்டி கண்ணை உறுத்தும். அதை மறைக்க ஒரு வேப்பங்கன்னு வைக்கச் சொன்னேன். இப்ப ஒரு ஆள் உயரம் வந்துடுச்சு.”

“பாத்துக்குங்க மேடம்!” என்று வெல்டர் சிரித்தான். “தூக்கத்துலகூட சுவர் பூசுவாரு. அண்ணி போன் பண்ணினா, ‘சாப்பிட்டியா’ன்னு கேக்கறதுக்கு முன்னாடி ‘பின்கதவு ஒழுங்கா சாத்துதா’ன்னுதான் கேப்பாரு.”

“சும்மா இருடா. மழைக்குக் கதவு ஊதிக்கும், அதான் கேட்டேன். உனக்கு வீடு கட்டினாத்தானே தெரியும்.”

“எனக்குக் கல்யாணமே ஆகலை, அதுக்குள்ள கதவுக்கு எங்க போறது!”

ஆலோசகருக்கும் சிரிப்பு வந்தது. ஒன்பது ஆண்டுகளாக அவர் ஒரே வாடகை வீட்டில் மூன்றாம் மாடிக்கு ஏறி இறங்குகிறார். அங்கே எத்தனை படிகள் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. முகவரியின் கதவு எண்ணையே தடுமாறிச் சொல்லும் மனிதர்களைத்தான் அந்த நாற்காலியில் அவர் நாள்தோறும் பார்க்கிறார். வீட்டை இப்படி உள்ளங்கை ரேகைபோல் அறிந்து வைத்திருப்பவரை இன்றுதான் பார்த்தார். இவருக்கு வேறு ஆதாரம் எதற்கு என்று தோன்றியது.

கணிப்பொறியில் எண்களைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏறக்குறைய ஒன்றரை மாசச் சம்பளம் திரும்ப வரும், அண்ணா” என்றார்.

“ஒன்றரை மாசமா?” அளவுகோல் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப ஞாயித்துக்கிழமை ஓவர்டைமை விட்டுடலாம். இந்த வருஷமாவது லீவு எடுத்துக்கலாம். போன வருஷம் மதில்சுவர், அதுக்கு முந்தி கடைக்கு ஷட்டர். லீவுக்குப் பதிலாப் பணமா வாங்கி அனுப்பிட்டேன்.”

“லட்டு மாதிரி வருது, விடாதீங்கண்ணே. எங்கே கையெழுத்துப் போடணும் மேடம்?” என்றான் வெல்டர்.

“இன்னும் ஒரே ஒரு கேள்வி. வீடு கட்டி முடிச்சு எத்தனை நாளாச்சு?”

“மூணு வருஷம், ரெண்டு மாசம்.”

“நல்லது. இந்த மூணு வருஷத்துல அங்க எத்தனை ராத்திரி தங்கினீங்கன்னு போடணும். சொந்த வீடா இருந்தா மட்டும் பத்தாது, தங்கியிருக்கணும். பாஸ்போர்ட்டைக் குடுங்க, முத்திரையைப் பாத்து நானே குறிச்சுக்கறேன்.”

அவர் தயங்கியபடியே நீட்டினார். ஆலோசகர் வாங்கிப் புரட்டினார். முதல் பக்கத்தில் ஒரே ஒரு முத்திரை இருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டுக்குள் நுழைந்தபோது குத்தியது. அதற்குப் பின் எல்லாப் பக்கங்களும் வெறுமையாக இருந்தன.

“இன்னொரு பாஸ்போர்ட் இருக்குமே, அண்ணா? அதையும் குடுங்க.”

“இது ஒண்ணுதான்.”

“பத்து நாள், பதினஞ்சு நாள்னு ஏதாவது போட்டு விடுங்க மேடம். வீடு இருக்கறது பொய்யா என்ன?” என்றான் வெல்டர். அவன் குரலில் இப்போது கேலி இல்லை.

அளவுகோல் பத்திரங்களை ஒவ்வொன்றாக உறைகளுக்குள் திரும்பச் செருகினார்.

“போன்லயும் போட்டோவுலயும் பாத்துப் பாத்துக் கட்டினதுங்க. அந்த வீட்டுக்குள்ள நான் இன்னும் ஒரு தடவைகூடப் போனதில்லை. வீடு இந்த நாட்டுலன்னே எழுதிடுங்க, மேடம்.”