தாடையப்பரின் தயார்நிலை

அந்தக் கரையான் புற்றில் சிப்பாய்களுக்குத் தாடை பெரிது. எவ்வளவு பெரிது என்றால், அவர்களால் தாங்களாக ஒரு துரும்பைக்கூட மெல்ல முடியாது. வேலைக்காரக் கரையான்கள்தான் மரத்தை மென்று கூழாக்கி அவர்கள் வாயில் ஊட்டிவிட வேண்டும்.

கரையானையும் விட்டுவைக்காத எறும்புத்தின்னி ஒன்று பக்கத்துக் காட்டுக்கு வந்திருப்பதாகச் செய்தி வந்தது. உடனே தளபதி தாடையப்பர் வேலைக்காரர்களையெல்லாம் பிடித்துப் படையில் சேர்த்தார். சேர்ந்தவர்களுக்கும் தாடை வளர்ந்தது. கடைசியில் மெல்லாயி ஒருத்திதான் மிச்சம். ஓடி ஓடி ஊட்டியதில் அவளுக்கு இடுப்பே விட்டுப்போனது.

தளபதிக்கு ஊட்டிக்கொண்டே கேட்டாள். "அய்யா, இத்தனை பேருக்கு நான் ஒருத்தி எப்படி ஊட்டுவேன்?"

"அதையும் யோசிச்சாச்சு," என்றார் அவர், வாய் நிறையக் கூழுடன். "ஊட்டுறதுக்குன்னே தனிப்படை அமைச்சிருக்கோம்."

"அதுல யாரு இருக்கா?"

"எல்லாம் நம்ம சிப்பாய்ங்கதான். நாளைக்கு நீயும் சேர்ந்துடு."

வந்த ஆத்திரத்தில் மிச்சக் கூழை மெல்லாயி தானே விழுங்கிவிட்டாள்.

அப்போதுதான் சுவர் இடிந்தது. எறும்புத்தின்னியின் நாக்கு, நீளமாக, ஈரமாக, உள்ளே நுழைந்தது.

"கடிங்கய்யா," என்று கத்தினாள் மெல்லாயி.

வரிசை கலையாமல் மொத்தப் படையும் வாயைத் திறந்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஒருவரும் நாக்கின் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் அவளைப் பார்த்துத்தான் வாயைத் திறந்திருந்தார்கள்.

"ஒரு வாய் ஊட்டு தாயி," என்றார் தாடையப்பர். "தெம்பு வந்ததும் கடிச்சிருவோம்."