க்ளாரினெட்டுக்கு விட்ட இடம்

லூசியனை அடக்கம் செய்துவிட்டு நியூ ஆர்லியன்ஸ் இடுகாட்டிலிருந்து வாசித்தபடி திரும்பும் எங்கள் ஊர்வலம் தெருமுனையில் நிற்கிறது. மாலை வெயிலில் பித்தளைக் கருவிகள் தேன் தடவியதுபோல் மினுங்குகின்றன. லூசியன் தனியாக க்ளாரினெட் வாசிக்கும் இடம் பாட்டில் வந்துவிட்டது. போனவரின் இடத்தை அன்றைக்கு யாரும் நிரப்புவதில்லை, அது எங்கள் குழுவின் வழக்கம். ஆளுயர பேஸ் சாக்ஸபோனில் ஆல்சிட் மட்டும் ஒரே சுருதியைப் பிடித்திருக்கிறார். அது காதில் விழாமல் பாதங்களின் வழியே ஏறுகிறது. லூசியனின் மனைவி ஓடீல், தான் வெயிலில் நின்றுகொண்டு, குடை நிழலைக் கையிலிருக்கும் அவருடைய க்ளாரினெட்டுக்குக் கொடுத்திருக்கிறாள். விட்ட இடம் முடிகிறது. தியோ ட்ரம்பெட்டை உதட்டுக்குக் கொண்டுபோகிறான். ஓடீல் அவன் மணிக்கட்டைத் தொடுகிறாள்.

"இரு தம்பி, என்ன அவசரம்? அவரு என்னைக்கு நேரத்துக்கு ஆரம்பிச்சிருக்காரு?"

ட்ரம்பெட் இறங்குகிறது. ஆல்சிட் மறுபடி மூச்சை இழுத்துக்கொள்கிறார்.